விமானம் தரையில் மோதுமா? நம் பார்க்கிங்குக்கு ஒரு பாடம்

(நம் குடியிருப்போர் நலச்சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், விமான நிலையத் தரைப்பணியில் 31 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்று, இப்போது பி பிளாக்கில் வசிக்கும் உறுப்பினர் பேசியதன் எழுத்து வடிவம்.)



"ஏர்போர்ட் அனுபவத்தைப் பற்றி ஏதாச்சும் பேசுங்க, பசங்களும் கேட்பாங்க" என்று செயலாளர் சொன்னார். சரி என்று ஒத்துக்கொண்டேன். ஆனால் போன மாதம் நம் பார்க்கிங்கில் நடந்ததை மனசில் வைத்துக்கொண்டுதான் தலைப்பை எடுத்தேன். அது என்ன என்று இங்கே பாதிப்பேருக்குத் தெரியும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கொடுமுடியில் இருந்து நாம் விமானம் ஏற வேண்டும் என்றால் கோயமுத்தூர் போகிறோம், இல்லை என்றால் திருச்சி. உள்ளே உட்கார்ந்து பெல்ட் போட்டதும் பயம் வருகிறதே, அது எப்போது வருகிறது? மேலே ஏறும்போது, மேகத்துக்குள் ஆடும்போது, இறங்கும்போது. தரையில் மெதுவாக ஊர்ந்து போகும்போது யாரும் பயப்படுவதில்லை. அப்போதுதான் போனை எடுத்து "கிளம்பிட்டோம்" என்று மெசேஜ் அனுப்புகிறோம். அப்படித் தரையில் ஊர்வதைத்தான் டாக்சி செய்வது என்கிறார்கள். இன்றைக்கு என் பேச்சு அதைப் பற்றித்தான்.

2024 மார்ச் 27, கொல்கத்தா விமான நிலையம். காலை நேரம், நல்ல வெளிச்சம். சென்னைக்குக் கிளம்ப வேண்டிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போயிங் 737 விமானம் ஒன்று, ரன்வேக்குள் நுழைய அனுமதி கேட்டு நின்றுகொண்டிருந்தது. பீகாரில் தர்பங்காவுக்குப் போக வேண்டிய இண்டிகோ ஏர்பஸ் 320 அந்தப் பக்கமாக டாக்சி செய்து வந்தது. அதன் இறக்கை நுனி, நின்றுகொண்டிருந்த விமானத்தின் இறக்கை நுனியில் உரசியது. ஒன்றின் நுனி உடைந்து தரையில் விழுந்தது, இன்னொன்றின் இறக்கையும் சேதம். இரண்டு விமானத்திலும் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். நல்ல வேளையாக யாருக்கும் காயம் இல்லை. இரண்டு விமானமும் பயணத்தை விட்டுத் திரும்பின. இண்டிகோ விமானிகள் இருவரையும் பணியில் இருந்து விலக்கி வைத்து விசாரணைக்கு உத்தரவிட்டது டிஜிசிஏ.

ஒன்று நின்றுகொண்டிருந்த விமானம், இன்னொன்று மெதுவாக வந்த விமானம். பட்டப்பகலில் எப்படி இடித்தது? அது கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டிய விஷயம்.

இந்த இரண்டு ரக விமானங்களுக்கும் இறக்கையின் ஒரு நுனியில் இருந்து மறு நுனி வரை ஏறத்தாழ 36 மீட்டர். நம் பார்க்கிங்கில் ஒரு காருக்கு இரண்டரை மீட்டர் அகலம் விட்டிருக்கிறோம். பதினான்கு காரைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் என்ன அகலமோ, அந்த அகலத்துக்கு ஒரே வண்டி. விமானி மூக்கில் உட்கார்ந்திருக்கிறார். இறக்கையின் நுனி அவருக்குப் பின்னால், பக்கவாட்டில், எங்கேயோ இருக்கிறது. பெரிய விமானங்களில் அது கண்ணுக்கே தெரியாது. சின்ன விமானங்களிலும் கண்ணாடி ஓரமாகச் சாய்ந்து எட்டிப் பார்க்க வேண்டும். காரில் இருப்பது போல சைடு மிரர் கிடையாது.

பிறகு எப்படி ஓட்டுகிறார்கள்? தரையில் மஞ்சள் கோடு போட்டிருப்பார்கள். மூக்குச் சக்கரம் அந்தக் கோட்டின் மேலேயே போனால், இரண்டு பக்கமும் இறக்கைக்கு இடம் இருக்கும்படி கணக்குப் போட்டுத்தான் டாக்சிவே கட்டியிருப்பார்கள். விமானி நம்புவது அந்தக் கோட்டை. ஆனால் அந்தக் கணக்கு சரியாக இருக்க வேண்டுமென்றால், மற்ற விமானமும் அதற்குரிய இடத்தில் சரியாக நிற்க வேண்டும். முன்னால் உள்ளவர் கோட்டுக்குச் சில மீட்டர் பின்தங்கி நின்றுவிட்டால், அவருடைய வால் பின்னால் போகும் பாதையில் நீட்டிக்கொண்டிருக்கும். பின்னால் வருகிறவர் கோட்டின் மேலேயேதான் வருகிறார். அவர் மனசில் எல்லாம் சரி. ஆனால் இடித்துவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. இது நம் ஊர்க்காரர்களுக்குச் சொன்னால் சட்டென்று புரியும். கரும்பு ஏற்றின லாரி ரோட்டில் இருந்து சந்துக்குள் திரும்புகிறதைப் பார்த்திருப்பீர்கள். முன்பக்கம் உள்ளே வளையும்போது, பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிற கரும்பு வெளிப்பக்கமாக வீசும். பக்கத்தில் பைக்கில் நிற்கிறவன் கால் ஊன்றி ஒதுங்குவான். விமானத்துக்கும் அப்படித்தான். இறக்கை பின்பக்கமாகச் சாய்ந்திருப்பதால், திரும்பும்போது அதன் நுனி, நேராகப் போகும்போது இருப்பதைவிட வெளியே வீசிப் போகும். பக்கத்தில் இடம் இருக்கிறது என்று நினைத்துத் திருப்புவார்கள், திருப்பிய பிறகு இடம் இருக்காது.

வேகத்தையும் சொல்லிவிடுகிறேன். நேரான டாக்சிவேயில் சுமார் 20 நாட், அதாவது மணிக்கு 35, 40 கிலோமீட்டர். திருப்பத்தில் அதில் பாதி. நம் மொபெட் வேகம்தான். ஆனால் ஆட்களும் எரிபொருளும் நிறைந்த ஏர்பஸ் 320 எடை 70 டன்னைத் தாண்டும். அந்த எடைக்கு மெதுவான இடி என்பதே கிடையாது.

2011 ஏப்ரலில் நியூயார்க்கில் ஒரு ராத்திரி நடந்தது இது. ஏர் பிரான்சின் ஏர்பஸ் 380, உலகிலேயே பெரிய பயணிகள் விமானம், இறக்கை அகலம் மட்டுமே ஏறத்தாழ 80 மீட்டர். அது டாக்சி செய்து போகும்போது, நின்றுகொண்டிருந்த ஒரு சின்ன ஜெட்டின் வாலில் அதன் இறக்கை நுனி பட்டது. சின்ன விமானம் பம்பரம் மாதிரி அப்படியே சுழன்று திரும்பிவிட்டது. யாருக்கும் காயம் இல்லை. அடுத்த ஆண்டு அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், பெரிய விமானங்களின் இறக்கை நுனியை விமானிக்குக் காட்ட கேமரா போன்ற கருவி வேண்டும் என்று பரிந்துரை செய்தது. 2007 அக்டோபரில் லண்டன் ஹீத்ரோவில் நம் பக்கத்து நாட்டு ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் விமானமும் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானமும் இதேபோல உரசிக்கொண்டன. ஆக, இது ஒரு ஊர் பிரச்சனை, ஒரு கம்பெனி பிரச்சனை இல்லை.

"உரசல்தானே, பெயிண்ட் அடித்தால் சரியாகிவிடும்" என்று நினைக்காதீர்கள். விமான விபத்துகளில் வரலாற்றிலேயே அதிக உயிர் போனது எங்கே தெரியுமா? ஆகாயத்தில் இல்லை, தரையில். 1977, மார்ச் 27. கொல்கத்தா சம்பவமும் அதே மார்ச் 27தான், சரியாக 47 வருஷம் கழித்து.

ஸ்பெயின் நாட்டுக்குச் சொந்தமான டெனரீஃப் தீவு. பக்கத்துத் தீவு விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால், அங்கே போக வேண்டிய விமானங்களை எல்லாம் இந்தச் சின்ன நிலையத்துக்குத் திருப்பிவிட்டார்கள். இருந்தது ஒரே ரன்வே. வந்த விமானங்களை நிறுத்த இடம் இல்லாமல் டாக்சிவேயிலேயே நிறுத்தினார்கள். இதை நன்றாகக் கவனியுங்கள்: போகிற பாதையிலேயே வண்டியை நிறுத்திவிட்டார்கள். அதனால் கிளம்புகிற விமானங்கள் ரன்வே மேலேயே டாக்சி செய்து போக வேண்டியதாயிற்று. மூடுபனி வேறு. டவரில் இருந்து விமானங்கள் தெரியவில்லை, விமானத்துக்கு விமானம் தெரியவில்லை. தரை ரேடாரும் இல்லை.

கேஎல்எம் போயிங் 747 ஒரு முனையில் கிளம்பத் தயாராக நின்றது. பான் ஆம் 747 அதே ரன்வேயில் டாக்சி செய்து வந்துகொண்டிருந்தது. கேஎல்எம் கேப்டன் கிளம்பிவிட்டார். டவர் சொன்னதும் பான் ஆம் சொன்னதும் ரேடியோவில் ஒரே நேரத்தில் விழுந்து வெறும் கீச்சொலியாகக் கேட்டது. அந்தக் காக்பிட்டில் மூன்றாவதாக ஒருவர் இருந்தார், ஃபிளைட் இன்ஜினியர். "பான் ஆம் இன்னும் ரன்வேயை விட்டு விலகவில்லையோ" என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. கேட்டார். கேப்டன் யார் என்றால், அந்தக் கம்பெனியிலேயே 747 ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மூத்தவர். அவர் உறுதியாகச் சொன்னதும், இன்ஜினியர் அதற்கு மேல் பேசவில்லை. சில விநாடிகளில் மோதியது. 583 பேர் இறந்தார்கள். கேஎல்எம்மில் இருந்த 248 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. பான் ஆமில் 61 பேர் தப்பினார்கள்.

இந்த விபத்துக்குப் பிறகுதான் உலகம் முழுக்க நடைமுறை மாறியது. "டேக் ஆஃப்" என்ற சொல்லை, உண்மையிலேயே கிளம்ப அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டும்தான் டவர் சொல்ல வேண்டும். சும்மா "ஓகே" என்று சொன்னால் போதாது, முக்கியமான உத்தரவை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், காக்பிட்டில் சின்னவர் பெரியவரைத் தடுத்து நிறுத்தலாம், நிறுத்த வேண்டும் என்று பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார்கள்.

2001 அக்டோபர் 8, இத்தாலியில் மிலான் லினாத்தே. அங்கேயும் பனி. ஒரு சின்ன விமானம் தப்பான டாக்சிவேயில் திரும்பி ரன்வேக்குள் வந்துவிட்டது. வேகமெடுத்து வந்த பெரிய விமானம் அதில் மோதியது. தரையில் இருந்த நான்கு பேரையும் சேர்த்து 118 பேர் இறந்தார்கள். பழைய தரை ரேடாரை எடுத்துவிட்டார்கள், புதியது இன்னும் வேலைக்கு வரவில்லை. தரையில் இருந்த குறியீடுகளும் பலகைகளும் விதிப்படி இல்லை. பெயிண்ட் விஷயம்தானே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள்.

இனி என் சொந்தக் கதை. வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம். எந்த ஊர், எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். விமானத்தை டிராக்டர் வைத்துப் பின்னால் தள்ளும்போது, இறக்கை நுனிக்குக் கீழே ஒருவர் நடந்துகொண்டே வர வேண்டும். எதிலாவது பட வருகிறது என்றால் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் குறுக்காகப் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்தால் நில் என்று அர்த்தம். அன்றைக்கு இடது இறக்கை என் பொறுப்பு. பின்னால் ஒரு படிக்கட்டு வண்டி நின்றுகொண்டிருந்தது. படும் போலிருக்கிறதே என்று தோன்றியது. ஆனால் டிராக்டரை ஓட்டியவர் இருபது வருஷ சர்வீஸ். எனக்கு மீசை கூட சரியாக முளைக்கவில்லை. "அவருக்குத் தெரியாமலா இருக்கும்" என்று இரண்டு விநாடி யோசித்தேன். கையைத் தூக்கும்போது சத்தம் கேட்டுவிட்டது. ஒரு சாண் நீளத்துக்குக் கீறல். அந்த விமானம் அன்றைக்குப் போகவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்கள் திரும்பப் போய் உட்கார்ந்தார்கள். எனக்கு மெமோ கொடுத்தார்கள். டிராக்டர் ஓட்டிய பெரியவர் என்னைத் திட்டவில்லை. "தம்பி, சந்தேகம் வந்தா கையைத் தூக்கு. தப்பாத் தூக்கினா ஒரு நிமிஷம்தான் போகும்" என்றார். மீதி 29 வருஷமும் புதிதாக வந்த பையன்கள் எல்லோருக்கும் நான் முதல் நாள் சொல்லிக்கொடுத்தது அதைத்தான்.

இப்போது போன மாதத்துக்கு வருகிறேன். பி பிளாக் தூண் பக்கத்தில் இருந்து காரை ரிவர்ஸ் எடுத்தது நான்தான். பின்னால் இரண்டாவது மாடிக் குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள் நின்றது. குழந்தை அதில் இருந்து இறங்கி, அம்மா கூப்பிட்டாள் என்று படிக்கட்டுக்கு ஓடி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. சைக்கிள் சக்கரத்துக்கு அடியில் நசுங்கிவிட்டது. சத்தம் கேட்டு இறங்கிப் பார்த்தபோது எனக்குக் கை கால் ஓடவில்லை. குழந்தையைப் படிக்கட்டில் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது.

நம் வாட்ச்மேன் தம்பி கேட் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "ஏப்பா, ஒரு சத்தம் போட்டிருக்கலாமே" என்று கேட்டேன். அவர் சொன்னார்: "ஐயா, நீங்க ஏர்போர்ட்ல அத்தன பெரிய பிளேனுக்கே கை காட்டினவங்க. உங்களுக்குத் தெரியாமயா இருக்கும்னு இருந்துட்டேனுங்க. போன வாட்டி வேற ஒரு சார் வண்டிக்கு நிறுத்தச் சொன்னதுக்குச் சத்தம் போட்டாருங்க."

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ரிவர்ஸ் கேமரா இருந்தது. நான் பார்த்தது வலது பக்கத் தூணை. தப்பு என்னுடையது, அந்தத் தம்பியுடையது இல்லை. அந்தக் குழந்தையின் அப்பா அம்மாவிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். இங்கே எல்லோர் முன்னாலும் மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன்.

சங்கத்துக்கு என் வேண்டுகோள் ஐந்து.

ஒன்று, பேஸ்மென்ட்டில் கார் போக ஒரு வழி, வர ஒரு வழி. இப்போது இரண்டு பக்கமும் எதிரெதிரே வருகிறோம்.

இரண்டு, தரையில் இருந்த அம்புக்குறியும் கோடும் அழிந்து இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. மறுபடி அடிக்க வேண்டும். தூணில் எல்லாம் மஞ்சள் கறுப்புப் பட்டை வேண்டும்.

மூன்று, ஓடுபாதையில் வண்டி நிறுத்தக் கூடாது. ஆடிப்பெருக்குக்குக் காவிரியில் குளிக்க வருகிற சொந்தக்காரர்கள், மகுடேசுவரர் கோயிலுக்கு வருகிறவர்கள், எல்லோர் வண்டியும் உள்ளே வந்து டிரைவ்வேயில் நின்றுவிடுகிறது. அன்றைக்கு ஒரு ஆம்புலன்ஸ் வந்தால் எங்கே போகும்? டெனரீஃபில் நடந்ததும் பாதையில் வண்டி நிறுத்தியதில் இருந்துதான் ஆரம்பித்தது. விசேஷ நாளில் வெளி வண்டிகளுக்குத் தனி இடம் பேசி வைப்போம்.

நான்கு, குழந்தைகள் விளையாட மாலை ஐந்து முதல் ஏழு வரை பின்பக்க இடத்தில் எந்த வண்டியும் போகாமல் சங்கிலி கட்டுவோம்.

ஐந்தாவதுதான் முக்கியம். யார் "நில்லுங்க" என்று சொன்னாலும் வண்டி நிற்க வேண்டும். வாட்ச்மேன் சொன்னாலும், வீட்டு வேலைக்கு வரும் அக்கா சொன்னாலும், ஐந்து வயசுக் குழந்தை சொன்னாலும் நிற்க வேண்டும். ஏன் நிறுத்தினாய் என்று கேட்கக் கூடாது. சத்தம் போடக் கூடாது. தப்பாக நிறுத்தியிருந்தாலும் நன்றி சொல்லிவிட்டுப் போக வேண்டும். போனால் ஒரு நிமிஷம்தானே.



பேச்சுக்குப் பின் கேட்ட கேள்விகள்

இப்போதுள்ள விமானங்களில் கேமரா இல்லையா?

சில பெரிய ரகங்களில் இருக்கிறது. ஏர்பஸ் 380, போயிங் 777-300இஆர் போன்றவற்றில் தரையில் ஓட்டும்போது சக்கரம் எங்கே போகிறது என்று பார்க்கக் கேமரா உண்டு. எல்லா விமானத்திலும் இறக்கை நுனியைக் காட்டும் கேமரா வந்துவிடவில்லை. என் காரில் கேமரா இருந்தும் என்ன ஆயிற்று என்று சொன்னேனே. பார்க்கிற கண் வேண்டும்.

நாம் பயணியாக என்ன செய்ய வேண்டும்?

டாக்சி செய்யும்போதும் பெல்ட் போட்டே இருங்கள். இறங்கினதும் எழுந்து பெட்டி எடுக்காதீர்கள். விமானம் முழுவதும் நின்று, பெல்ட் விளக்கு அணைந்த பிறகு எழுந்தால் போதும். திடீரென்று பிரேக் அடித்தால் நிற்கிறவர்தான் விழுவார். அவசரமாக இறங்கச் சொன்னால் பெட்டியை விட்டுவிட்டு இறங்குங்கள். 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேதாவில், இறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ரன்வேயில் நின்ற கடலோரக் காவல்படை விமானத்தில் மோதித் தீப்பிடித்தது. காவல்படை விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐந்து பேர் இறந்துபோனார்கள். ஆனால் எரிந்த பெரிய விமானத்தில் இருந்த 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். பணிப்பெண்கள் சொன்னபடி பெட்டியை விட்டுவிட்டு இறங்கியது அதற்கு ஒரு பெரிய காரணம்.

வாட்ச்மேன் நிறுத்தச் சொல்லி ஒருவர் நிற்காமல் போனால்?

அதற்கு அபராதம் வேண்டாம் என்பது என் எண்ணம். அவரை அடுத்த கூட்டத்தில் இதே இடத்தில் நின்று ஐந்து நிமிஷம் பேசச் சொல்லுவோம். நான் இன்றைக்குப் பேசினேன் இல்லையா, அதுபோல.

(உறுப்பினரின் ஐந்து வேண்டுகோளும் கூட்டத்தில் ஏற்கப்பட்டன. கோடு அடிக்கும் வேலை வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தொடங்கும். அன்று பேஸ்மென்ட்டில் உள்ள வண்டிகளை முன்கூட்டியே வெளியே எடுத்து வைக்கும்படி அனைவரையும் கேட்டுக்கொள்கிறோம்.)